இ.என் 36சி எஃகில் முதல் ஆர்டர்: ராடு வாங்குவதிலிருந்து கிரைண்டிங் வரை

கல் உடைக்கும் ஆலை ஒன்றின் கியர்பெட்டிக்கு 12 பினியன் (சின்னப் பல்சக்கரம்) செய்து தரும் ஆர்டர் எங்கள் பட்டறைக்கு வந்தது. டிராயிங்கில் மெட்டீரியல் பற்றி ஒரே வரிதான்: "இ.என் 36, கேஸ் ஹார்டன் செய்யவும்." அதுவரை மைல்டு ஸ்டீல், இ.என் 8, இ.என் 24, எப்போதாவது 20 எம்.என்.சி.ஆர் 5 என்று ஓடிக்கொண்டிருந்த எனக்கு அந்த ஒரு வரி போதுமென்று தோன்றியது. ராடு வாங்கினேன், கடைந்தேன், பல் வெட்டினேன், ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு அனுப்பினேன். திரும்பி வந்த பினியன்களின் பல் மேல் 53, 54 எச்.ஆர்.சி. (ராக்வெல் சி கடின எண்) தான் காட்டியது. கேட்டது 58-க்கு மேல். ஹீட் ட்ரீட்மென்ட் செய்தவர் ராடு சரியில்லை என்றார். ராடு விற்றவர் உலை சரியில்லை என்றார். இருவர் சொன்னதையும் உறுதிப்படுத்தவோ மறுக்கவோ என் கையில் ஒரு காகிதம்கூட இல்லை.

அந்த லாட் முழுவதையும் மறுபடி செய்தேன். அதற்குப் பிறகு இந்த எஃகில் பல ஆர்டர்கள் முடித்துவிட்டேன். முதல்முறை இறங்குகிற சின்னப் பட்டறைக்காரர்கள் அதே பள்ளத்தில் விழக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். பணமும் நாளும் போவது லேத்தில் இல்லை. ஆர்டரிலும் சலானிலும் நீங்கள் எழுதாமல் விட்டதில் போகிறது.

1. இந்த எஃகுதான் வேண்டுமா என்று முதலில் கேளுங்கள்

இ.என் 36சி-யில் கரி (கார்பன்) 0.10 முதல் 0.16 விழுக்காடுதான். நிக்கல் 3.00 முதல் 3.75, குரோமியம் 0.70 முதல் 1.00, மாலிப்டினம் 0.10 முதல் 0.25. கரி இவ்வளவு குறைவாக இருப்பதால் இதை அப்படியே சூடாக்கி எண்ணெயில் முக்கினால் பல்லுக்கு வேண்டிய கடினம் வராது. அதனால் உலையில் வைத்து மேற்பரப்புக்குள் மட்டும் கரியை ஊறவிடுகிறோம். ஊறிய தோலை கேஸ் என்றும், கரி போகாத உள்பகுதியை கோர் என்றும் சொல்வார்கள். முக்கி எடுத்ததும் தோல் 58 முதல் 62 எச்.ஆர்.சி. வரை ஏறும். உள்ளே, அளவைப் பொறுத்து, 30 முதல் 40-க்குள் நின்று அடியைத் தாங்கும். நிக்கல் இந்த உள்பகுதிக்கு முறியாத தன்மையைக் கொடுக்கிறது. பெரிய விட்டத்திலும் கடினம் உள்ளே வரை இறங்க நிக்கலும் குரோமியமும் மாலிப்டினமும் சேர்ந்து உதவுகின்றன.

ஆகவே திடீர் அடி விழுகிற, பருமனான பாகத்துக்கு இது ஏற்ற எஃகு. கிரஷர், சுரங்க இயந்திரம், ரோலிங் மில் கியர்பெட்டிகளின் பினியன், கனமான கியர் ஷாஃப்ட், கேம், அதிக அழுத்தம் தாங்கும் பின் எல்லாம் இந்த வகை. இதற்கு நெருங்கிய உறவான எஸ்.ஏ.இ 9310 ஹெலிகாப்டர் கியர்களில் ஓடுகிறது.

ஆனால் எல்லாக் கியருக்கும் இது தேவையில்லை. சின்ன மாட்யூல் (பல்லின் பருமனைக் குறிக்கும் எண்), சீரான சுமை என்றால் 20 எம்.என்.சி.ஆர் 5-ஓ எஸ்.ஏ.இ 8620-ஓ போதும். முன்னதில் நிக்கலே சேர்ப்பதில்லை. பின்னதில் 0.40 முதல் 0.70 வரைதான். நடுத்தர வேலைக்கு இ.என் 353 இருக்கிறது, நிக்கல் 1.00 முதல் 1.50 வரை. நம் நாட்டு வண்டிகளின் கிரவுன் வீல், பினியன் நிறைய இதில்தான் வருகின்றன. டிராயிங் ஐரோப்பாவிலிருந்து வந்தது என்றால் 1.6587 என்ற எண்ணைப் பார்ப்பீர்கள். அது நிக்கல் ஒன்றரை, குரோமியம் ஒன்றரைக்கு மேல் உள்ள இன்னொரு எஃகு, காற்றாலை கியர்பெட்டிகளில் அதிகம். 1.5752 என்று இருந்தால்தான் அது இ.என் 36-க்கு உறவு.

வாடிக்கையாளர் பழைய டிராயிங்கைப் பார்த்து "36" என்று எழுதியிருக்கலாம். இ.என் 353 போதுமா என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். போதும் என்றால் அவருக்கும் செலவு குறையும், உங்களுக்கும் உலைத் தொல்லை பாதியாகும். போனில் சொல்வதை மட்டும் வைத்து எஃகை மாற்றாதீர்கள். எழுத்தில் வரவேண்டும்.

2. டிராயிங்கில் இல்லாததை எழுதி வாங்குங்கள்

"கேஸ் ஹார்டன்" என்ற இரண்டு சொல்லை வைத்து எந்த உலைக்காரரும் சரியாகச் செய்ய முடியாது. கீழே இருப்பது மாட்யூல் 5, 18 பல் உள்ள ஒரு பினியனுக்கு இப்போது நான் எழுதி வாடிக்கையாளரிடம் ஒப்புதல் வாங்கும் குறிப்பு:

பொருள் இ.என் 36சி, அதாவது 832எம்13, அனீல் செய்த நிலை. கார்புரைஸ், ஹார்டன், டெம்பர். எஃபெக்டிவ் கேஸ் டெப்த், 550 எச்.வி. வரை அளந்து, கிரைண்டிங்குக்கு முன் 1.1 முதல் 1.3 மி.மீ. மேற்பரப்பு 58 முதல் 62 எச்.ஆர்.சி. பல்லடி கோர் 30 முதல் 40 எச்.ஆர்.சி. மரை, சாவிக்கால் (கீவே) இருந்தால் அந்தப் பகுதி மிருதுவாக இருக்கவேண்டும். தொடர்ச்சியான கார்பைடு வலை கூடாது. எஞ்சிய ஆஸ்டனைட் 20 விழுக்காட்டுக்குள்.

இதில் அனீல் என்பது ராடைச் சூடாக்கி மெதுவாகக் குளிரவிட்டு மிருதுவாக்குவது. கார்புரைஸ் என்பது கரி ஏற்றுவது, ஹார்டன் என்பது சூடாக்கி எண்ணெயில் முக்குவது, டெம்பர் என்பது அதன்பின் குறைந்த சூட்டில் வைத்து முறியும் தன்மையைக் குறைப்பது. எச்.வி. என்பது விக்கர்ஸ் கடின எண். கார்பைடு வலை என்பது தோலில் கரி அதிகமாகி வலைபோல் படிவது. எஞ்சிய ஆஸ்டனைட் என்பது முக்கியபின்னும் கெட்டியாக மாறாமல் நிற்கும் மிருதுப் பகுதி. கேஸ் டெப்த் எண் எப்படி வந்தது என்றால், பொதுவாக மாட்யூலில் 0.15 முதல் 0.20 மடங்கு எடுப்பார்கள். மாட்யூல் 5-க்கு 0.75 முதல் 1.0 மி.மீ. முடிந்த பல்லில் 1.0 நிற்கவேண்டும் என்று வைத்துக்கொண்டு, பக்கத்துக்கு 0.15 மி.மீ. கிரைண்டிங்கில் போவதைக் கூட்டினேன்.

"டெப்த் 1 மி.மீ." என்று மட்டும் எழுதினால் ஒருவர் கரி போன மொத்த ஆழத்தை அளப்பார், இன்னொருவர் 550 எச்.வி. நிற்கும் ஆழத்தை அளப்பார். இரண்டுக்கும் இடையே மூன்றில் ஒரு பங்குவரை வித்தியாசம் வரும். ரிப்போர்ட்டில் இருவரும் உண்மைதான் சொல்லியிருப்பார்கள், உங்கள் பல்லில்தான் தோல் மெலிந்திருக்கும்.

இன்னொரு சிக்கல் பெயரில் இருக்கிறது. 36ஏ, 36பி, 36சி மூன்றும் கடைகளில் "முப்பத்தாறு" என்றே விற்கும். சி-யில் மாலிப்டினம் உண்டு, ஏ-யில் அதைச் சேர்ப்பதில்லை. 100 மி.மீ.க்கு மேல் விட்டமுள்ள பாகத்தில் கோர் கடினம் வருமா வராதா என்பதை இந்த ஓர் எழுத்து மாற்றிவிடும். கூடவே, இ.என் 36-இல் உள்ள இ.என் பழைய பிரிட்டிஷ் வரிசை எண். ஐரோப்பியத் தரங்களின் முன்னால் வரும் இ.என் வேறு. இரண்டையும் குழப்பித் தேடினால் சம்பந்தமில்லாத பக்கங்கள்தான் கிடைக்கும்.

3. எடைக் கணக்கும் விலையும்

ரவுண்ட் ராடுக்கு நம் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு: விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். என் பினியனின் வெளிவிட்டம் 100. கறுப்பு ராடில் தோல் எடுக்க இடம் வேண்டும் என்பதால் 110 மி.மீ. எடுத்தேன். மீட்டருக்கு 74.7 கிலோ. முகம் (பல்லின் அகலம்) 70, வெட்டவும் முகம் திருப்பவும் 6, ஆக ஒரு துண்டு 76 மி.மீ. எடை ஏறக்குறைய 5.7 கிலோ.

12 வேண்டுமென்றால் 14 துண்டு வெட்டுங்கள். ஒன்று ஹாப்பிங் (பல் வெட்டும்) செட்டிங்குக்கு, இன்னொன்று தேவைப்பட்டால் அறுத்து உள்ளே பார்க்க. இதே ராடிலிருந்து 65 மி.மீ. துண்டு ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். அதை நான்காகப் பிளந்தால் 30 மி.மீ. விட்டத்துக்கு நான்கு சோதனைக் கட்டைகள் கிடைக்கும். ஏன் என்று ஆறாம் படியில் சொல்கிறேன். எல்லாம் சேர்த்து 1,129 மி.மீ., சுமார் 84.3 கிலோ.

ரூபாயில் ஒரு விலையை இங்கே எழுதினால் நீங்கள் படிக்கும் நாளில் அது தப்பாகிவிடும். 84.3 கிலோ ராடில் குறைந்தது இரண்டரை கிலோ நிக்கல் இருக்கிறது. அதன் விலை லண்டன் சந்தையில் அன்றாடம் ஆடுகிறது. 2022 மார்ச் 8 அன்று டன்னுக்கு ஒரு லட்சம் டாலரைத் தாண்டி, வர்த்தகத்தையே நிறுத்திவைக்கும் அளவுக்குப் போனது. அதனால்தான் கடைக்காரர்கள் கோட்டேஷனுக்கு மூன்று நாள், ஏழு நாள் என்று கெடு வைக்கிறார்கள். நீங்களும் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கோட்டேஷனில் அதே கெடுவை எழுதுங்கள். நான் எழுதாமல் விட்டதால் ஒருமுறை விலை ஏறியபோது வித்தியாசத்தைக் கையிலிருந்து போட்டேன்.

விலை கேட்கும்போது ஒரு கிலோ விலையோடு நிற்காதீர்கள். வெட்டுக் கூலி தனியா, வெட்டும் அகலத்தின் எடை யார் கணக்கு, டெஸ்ட் சர்டிபிகேட் கூடவே வருமா, ஏற்றுக்கூலி எவ்வளவு என்று நான்கையும் கேளுங்கள். ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு அதற்கு மேல் வரும். உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கிடைத்தாலும், கட்டும் நாளில் கையில் பணம் இருக்கவேண்டும்.

4. ராடு வாங்கும்போது

சர்டிபிகேட் என்று கடையில் எதையும் நீட்டுவார்கள். நீங்கள் கேட்கவேண்டியது மில்லின் 3.1 வகைச் சான்றிதழ். அதில்தான் உங்கள் ராடு உருக்கப்பட்ட அந்த ஹீட்டின் (ஒரே உருக்கின்) சோதனை முடிவு இருக்கும். 2.2 வகையில் பொதுவான முடிவுதான், உங்கள் ராடுக்குரியது இல்லை. கடைக்காரர் தன் லெட்டர்ஹெட்டில் தட்டச்சு செய்து தருவது எதுவுமே இல்லை.

சான்றிதழை வாங்கிக்கொண்டு ராடு முனைக்குப் போங்கள். அதில் குத்தியிருக்கும் ஹீட் நம்பர் காகிதத்தில் உள்ளதோடு ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வெட்டியதும் அந்த எண் உள்ள முனை கடையிலேயே நின்றுவிடும். ஆகையால் வெட்டுவதற்கு முன்னே ஒரு போட்டோ எடுத்து, உங்கள் துண்டுகளில் அதே எண்ணைக் குத்தச் சொல்லுங்கள். முனையில் பூசிய பெயின்ட் நிறத்தை நம்பாதீர்கள். கடைக்குக் கடை நிறம் மாறும்.

பிறகு ஒரு சின்னத் துண்டை ஆய்வகத்தில் கொடுங்கள். கையில் பிடித்துச் சுடும் எக்ஸ்ரே கருவி நிக்கல், குரோமியம், மாலிப்டினம் எல்லாவற்றையும் காட்டும், ஆனால் கரியைக் காட்டாது. இங்கேதான் ஏமாற இடமிருக்கிறது. இ.என் 23 என்று ஒரு எஃகு உண்டு. நிக்கல் மூன்று, குரோமியம் ஒன்று, இ.என் 36ஏ-வைப் போலவே தெரியும். கரி மட்டும் 0.3 விழுக்காட்டுக்கு அருகில். அதைக் கார்புரைஸ் செய்தால் உள்பகுதியும் கெட்டியாகி, அடி விழுந்தால் பல் ஒடியும். ஆகவே கரியையும் காட்டும் ஸ்பெக்ட்ரோ சோதனைதான் செய்யவேண்டும். ஆய்வகம் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ளதா, அந்த அங்கீகாரம் இந்தச் சோதனைக்கும் பொருந்துமா என்று பாருங்கள். ஒரு நாளில் முடியும். ஒரு பினியனின் ராடு விலையோடு ஒப்பிட்டால் அந்தக் கட்டணம் பெரிதில்லை.

கேட்கவேண்டிய மற்றவை: தானிய அளவு (எஃகின் உள்ளே உள்ள படிகங்களின் அளவு எண்) 5 அல்லது அதைவிட நுண்மை, உள்ளே கலந்த அழுக்கின் மதிப்பீடு, 100 மி.மீ.க்கு மேல் என்றால் அல்ட்ராசோனிக் சோதனை.

அனீல் செய்த ராடா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். இவ்வளவு நிக்கல் உள்ள எஃகு சூடாக உருட்டி வெளியே எடுத்தால் காற்று பட்டே கெட்டியாகிவிடும். அப்படி வந்த ராடு ஒன்றில் என் ஹாப் கட்டர் தொடக்கத்திலேயே முனை உடைந்தது. இப்போது பி.ஓ.வில் (பர்ச்சேஸ் ஆர்டரில்) "250 பிரினெல் கடினத்துக்குள்" என்று எழுதுகிறேன். ராடு வந்ததும் இரண்டு இடத்தில் அளந்துவிட்டுத்தான் வண்டியை அனுப்புகிறேன்.

5. கடைசலும் பல் வெட்டும்

இதில் நீங்களே கைதேர்ந்தவராக இருப்பீர்கள், ஆகவே சுருக்கமாக.

ரஃப் டர்னிங் முடிந்ததும் 550 முதல் 600 டிகிரியில் ஒரு ஸ்ட்ரெஸ் ரிலீவிங் (உள்ளழுத்தம் நீங்கச் சூடாக்குவது) கொடுத்துவிடுங்கள். நீளமான ஷாஃப்ட் பினியனுக்கு இதைத் தவிர்க்கவே கூடாது. உலைக்குப் போனபின் பாகம் கொஞ்சம் முறுக்கும், துளை கொஞ்சம் சுருங்கும் அல்லது விரியும். துளையில் 0.3 முதல் 0.4 மி.மீ., பல்லில் பக்கத்துக்கு 0.15 மி.மீ. விட்டுவைக்கிறேன். பல் அடியில் கூர்மையான மூலை இருந்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும். கிரைண்டிங் சக்கரம் தொடாமல் போக, அடியில் குடைவு விடும் ஹாப்பைக் கேட்டு வாங்குங்கள். விளிம்புகளை எல்லாம் மழுக்கிவிடுங்கள். கூர்விளிம்புக்கு இரண்டு பக்கமும் கரி ஏறி அது கண்ணாடிபோல் உதிரும்.

மரையும் சாவிக்காலும் மிருதுவாக இருக்கவேண்டும் என்றால் இரண்டு வழி. ஒன்று, கரி ஏறாமல் தடுக்கும் பூச்சு. பூசும் இடத்தில் எண்ணெய்ப் பசை துளியும் இருக்கக்கூடாது, இருந்தால் பூச்சு உலையில் உரிந்துவிடும். மற்றொன்று, அந்த இடத்தில் கேஸ் டெப்த்தைவிடக் கூடுதலாகத் தடிப்பு விட்டு, கரி ஏற்றியபின் கடைந்து எடுத்துவிட்டு, அதற்கு அப்புறம் ஹார்டனிங் செய்வது. முக்கியமான மரைக்கு நான் இரண்டாவதையே நம்புகிறேன். ஆனால் கரி ஏற்றி மெதுவாகக் குளிரவிட்டாலும் இந்த எஃகின் தோல் கருவி இறங்காத அளவுக்குக் கெட்டியாகிவிடும். நடுவில் 630 முதல் 650 டிகிரியில் ஒரு நீண்ட டெம்பர் கொடுத்தால்தான் கடைய முடியும். அதற்கும் ஒரு கட்டணம், ஒரு நாள் என்று முன்பே கணக்கில் சேருங்கள்.

6. உலைக்கு அனுப்பும்போது கூடப் போகவேண்டியவை

முதல் லாட்டில் நான் அனுப்பியது பினியன்களும், "12 எண்ணம், கேஸ் ஹார்டனிங்" என்று எழுதிய ஒரு சலானும். இப்போது அனுப்புவது:

டெலிவரி சலான் மூன்று பிரதி. பெறுபவருக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. ஜாப் ஒர்க் என்று தெளிவாக எழுதவேண்டும். அனுப்பிய பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்பி வரவேண்டும், வராவிட்டால் அனுப்பிய அன்றே விற்றதாகக் கணக்கிட்டு வரி கேட்பார்கள். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் மதிப்பு என்றால் இ-வே பில் வேண்டும். ஓசூரிலிருந்து பெங்களூருக்கு என்பதுபோல் மாநில எல்லை தாண்டி ஜாப் ஒர்க்குக்கு அனுப்பினால் மதிப்பு எவ்வளவானாலும் இ-வே பில் கட்டாயம். ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்குள் உள்ள பட்டறைகள் ஐ.டி.சி. 04 படிவத்தை (ஜாப் ஒர்க்குக்குப் போன, வந்த பொருளின் கணக்கு) ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரல் 25-க்குள் போட்டால் போதும். உலையிலிருந்து நேராகக் கிரைண்டிங் பட்டறைக்குப் போகிறது என்றால் அதே சலானில் குறிப்பெழுதி அனுப்பலாம். உங்கள் பட்டறைக்கு வந்துதான் போகவேண்டும் என்பதில்லை.

இரண்டாம் படியில் எழுதிய ஹீட் ட்ரீட்மென்ட் குறிப்பு, தனித் தாளில். மில் சான்றிதழின் நகல், ஆய்வக ரிப்போர்ட்டின் நகல். பூச்சு எங்கே, எந்த இடத்தில் கடினம் அளக்கவேண்டும் என்று குறியிட்ட ஒரு படம்.

அப்புறம் அந்தச் சோதனைக் கட்டைகள். கியருக்கான கட்டையின் அளவு பொதுவாக மாட்யூலைப்போல் 6 மடங்கு விட்டம், 12 மடங்கு நீளம். மாட்யூல் 5-க்கு 30 விட்டம், 60 நீளம். அதே ஹீட் ராடிலிருந்து எடுத்திருக்கவேண்டும், ஹீட் நம்பர் குத்தியிருக்கவேண்டும், பினியன் அடுக்கும் அதே கூடையில் நடுவில் போகவேண்டும். பினியனை அறுக்காமல் கட்டையை அறுத்து உள்ளே பார்க்கலாம். உலைக்காரர்கள் தங்களிடம் இருக்கும் ஏதோ ஒரு 20 எம்.என்.சி.ஆர் 5 துண்டைப் போட்டு ரிப்போர்ட் கொடுப்பது சாதாரணம். அதில் கரியின் ஆழம் ஓரளவு தெரியும். உங்கள் எஃகின் கோர் என்ன ஆனது, தோலில் ஆஸ்டனைட் எவ்வளவு எஞ்சியது என்று தெரியவே தெரியாது.

கட்டணம் கிலோ கணக்கில்தான். ஆனால் குறைந்தபட்ச பேட்ச் கட்டணம் ஒன்று வைத்திருப்பார்கள், 70, 80 கிலோ வேலைக்கு அதுதான் பெரும்பாலும் பொருந்தும். சப்-ஜீரோ (பூஜ்யத்துக்குக் கீழே குளிர்வித்தல்), நடு டெம்பர், பூச்சு, ரிப்போர்ட் ஒவ்வொன்றும் தனி. எல்லாவற்றையும் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள்.

7. உலைக்குள் நடக்கவேண்டியது: என் லாட் போன இடம்

உலை உங்களுடையதில்லை என்றாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். என் 12 பினியன் கெட்டது இந்த இடத்தில்தான்.

அந்த உலையில் பெரும்பாலும் 20 எம்.என்.சி.ஆர் 5 ஓடும். அதற்குப் பழகிய முறையிலேயே என் பினியன்களையும் போட்டார்கள். கரி ஏற்றும் வாயுவின் கரி அளவு ஒரு விழுக்காட்டுக்கு அருகில், முடிந்ததும் கொஞ்சம் இறக்கி நேராக எண்ணெயில் முக்கியது. 20 எம்.என்.சி.ஆர் 5 அதைத் தாங்கும். 36சி தாங்காது. நிக்கலும் கரியும் இரண்டுமே எஃகு கெட்டியாக மாறும் வெப்பநிலையைக் கீழே இழுக்கின்றன. தோலில் கரி அதிகமாகிவிட்டால் அந்த மாற்றம் முடிய அறை வெப்பநிலையைவிடக் குளிர்ச்சி தேவைப்படும். எண்ணெயிலிருந்து எடுத்த பாகத்தில் மாறாமல் நின்ற மிருதுவான பகுதிதான் எஞ்சிய ஆஸ்டனைட். என் பற்களில் 53 காட்டியது அதனால். ராடில் குறையில்லை. இது பிறகு அறுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அதுவரை ராடு விற்றவரோடு சண்டை போட்டிருந்தேன். பின்னால் போய் அவரிடம் வருத்தம் தெரிவித்தேன்.

இந்த எஃகுக்கு நான் இப்போது எழுதிக் கொடுக்கும் முறை: கார்புரைசிங் 900 முதல் 920 டிகிரி, மேற்பரப்புக் கரி 0.75 முதல் 0.85 விழுக்காட்டுக்குள். மெதுவாகக் குளிரவிடவேண்டும். பிறகு கோரின் தானியத்தைச் சீராக்க 850 முதல் 870. அதன்பின் 760 முதல் 780 டிகிரியில் சூடாக்கி எண்ணெயில் ஹார்டனிங். இந்தக் கடைசி எண் பலருக்கு ஆச்சரியம் தரும். நிக்கல் உள்ளதால்தான் இவ்வளவு குறைந்த சூட்டில் முடிகிறது. முக்கி எடுத்ததும் தாமதிக்காமல், இரண்டு மணி நேரத்துக்குள், 150 முதல் 200 டிகிரியில் டெம்பர். இரவு முக்கிவிட்டுக் காலையில் டெம்பர் செய்கிற வழக்கம் சில இடங்களில் உண்டு. அந்த இடைவெளியில் தானாகவே விரிசல் விட்ட பாகங்களைப் பார்த்திருக்கிறேன். இதைப் பி.ஓ.வில் எழுதுங்கள்.

ஆஸ்டனைட் அதிகம் என்று தெரிந்தால் மைனஸ் 70 முதல் மைனஸ் 80 டிகிரிவரை குளிர்வித்து மீண்டும் டெம்பர் செய்வது ஒரு தீர்வு. அதை ஹார்டனிங் முடிந்த கையோடு செய்யவேண்டும். நாட்கள் கழித்துச் செய்தால் மிருதுப் பகுதி நிலைத்துப்போய் அசையாது. என் லாட்டில் ஒரு வாரம் கழித்துச் செய்து பார்த்தேன், இரண்டு புள்ளிகூட ஏறவில்லை. முதலிலேயே கரியைக் கட்டுப்படுத்துவதுதான் வழி. சப்-ஜீரோவை எல்லாவற்றுக்கும் மருந்தாக நினைக்காதீர்கள், அதில் விரிசல் ஆபத்தும் உண்டு.

எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு மதிப்பீடு: 925 டிகிரியில் மொத்த ஆழம் மி.மீ.இல், மணி நேரத்தின் வர்க்கமூலத்தை 0.635-ஆல் பெருக்கினால் வரும். 4 மணிக்கு 1.27 மி.மீ., 16 மணிக்கு 2.54. ஆழம் இரட்டிப்பானால் நேரம் நான்கு மடங்கு. எஃபெக்டிவ் 1.2 வேண்டுமென்றால் மொத்தம் 1.7 அளவுக்குப் போகவேண்டும், அதற்கு ஏழு மணி நேரத்துக்கு மேல். 900 முதல் 920-இல் ஓடும்போது இன்னும் கூடும். "பாதுகாப்புக்கு இருக்கட்டும்" என்று ஆழத்தைக் கூட்டிக் கேட்பவர்கள் இதை நினைவில் வையுங்கள். கட்டணம் ஏறுவதோடு, பல் நுனி முழுக்கக் கரி ஊறி ஒடியவும் வழியாகும்.

8. திரும்பி வந்ததும்

பினியனை அலமாரியில் வைப்பதற்கு முன் ரிப்போர்ட்டைக் கையில் வாங்குங்கள். உலையின் வெப்பநிலை வரைபடம், மேற்பரப்புக் கடினம், கட்டையை அறுத்து விளிம்பிலிருந்து உள்ளே படிப்படியாக அளந்த எச்.வி. எண்கள், கோர் கடினம், நுண்ணோக்கிப் படம். இந்த ஐந்தும் இல்லாமல் பில்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள். எண்களின் வரிசையில் 550 எச்.வி. எங்கே கடக்கிறது என்று நீங்களே பாருங்கள். விளிம்பில் கடினம் குறைந்து, கொஞ்சம் உள்ளே ஏறி, பிறகு இறங்கினால் தோலில் ஆஸ்டனைட் மிஞ்சியிருக்கலாம், அல்லது மேற்பரப்பில் கரி இழந்திருக்கலாம். நுண்ணோக்கிப் படம் எது என்று சொல்லிவிடும்.

உங்கள் பட்டறையில் ராக்வெல் இருந்தால் இரண்டு பினியனையாவது நீங்களே அளங்கள். 150 கிலோ சுமை உள்ள சி ஸ்கேல் மெல்லிய தோலைக் குத்தி உள்ளே போய்க் குறைவாகக் காட்டும். 0.7 மி.மீ.க்குக் குறைந்த தோலுக்கு ஏ ஸ்கேலோ விக்கர்ஸோ பயன்படுத்துங்கள். எதுவும் இல்லையென்றால் நல்ல புதிய அரத்தைப் பல்லில் இழுத்துப் பாருங்கள். வழுக்கவேண்டும். என் முதல் லாட்டில் அரம் லேசாகக் கடித்தது, அன்றே அதைக் கவனித்திருக்கலாம்.

ஒரு கட்டையை அறுக்கச் சொல்லுங்கள், மற்றவற்றைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். தகராறு வந்தால் வேறு ஆய்வகத்தில் கொடுக்க அதுதான் சாட்சி.

9. கிரைண்டிங்

எல்லாம் சரியாக வந்த பினியனைக் கடைசி ஒரு மணி நேரத்தில் கெடுக்க முடியும். அதிகம் தள்ளி அரைத்தால் மேற்பரப்பு சுட்டு மிருதுவாகும், இன்னும் சுட்டால் வலைபோல் நுண்விரிசல் விழும். கண்ணுக்குத் தெரியாது. டெம்பர் சரியில்லாத தோலிலும் கார்பைடு வலை உள்ள தோலிலும் இது இன்னும் சீக்கிரம் வரும். எனவே கிரைண்டர்காரரை மட்டும் குற்றம் சொல்வதற்கு முன் நுண்ணோக்கிப் படத்தைப் பாருங்கள். வெள்ளை அலுமினா சக்கரம், அடிக்கடி டிரெஸ்ஸிங், குறைந்த ஆழம், தாராளமான கூலன்ட் என்று கேளுங்கள். பீஸ் கணக்கில் கூலி என்றால் வேகமாக முடிக்கத்தான் கை போகும். ஆகவே நைட்டல் சோதனையும் காந்தத்தூள் சோதனையும் உண்டு என்று வேலை கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

நைட்டல் சோதனை என்பது ஆல்கஹாலில் 3 முதல் 5 விழுக்காடு நைட்ரிக் அமிலம் கலந்த கரைசலில் சுத்தமான பல்லை முக்கி எடுப்பது. சுட்ட இடம் கருமையாகத் தெரியும். நடுவில் வெள்ளைத் திட்டும் சுற்றிக் கருமையும் இருந்தால் அங்கே சுட்டு மறுபடி கெட்டியாகியிருக்கிறது, அந்தப் பல் கழிவு. கண்ணாடி, கையுறை, காற்றோட்டம் இல்லாமல் இதைச் செய்யவேண்டாம். கரைசலை மூடி இறுக்கிய பாட்டிலில் சேர்த்து வைக்கவும் கூடாது. காந்தத்தூள் சோதனைக்குப் பிறகு காந்தம் நீக்கினார்களா என்று கேளுங்கள். நீக்காவிட்டால் கியர்பெட்டிக்குள் இரும்புத் துகள் பல்லில் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

10. எத்தனை நாள் கேட்பது

முதல் ஆர்டருக்குப் பத்து நாள் என்று ஒப்புக்கொண்டேன். முடியாது. 12 பினியனுக்கு எனக்கு இப்போது ஆகும் கணக்கு: ராடும் சோதனையும் மூன்று நாள். ரஃப், ஸ்ட்ரெஸ் ரிலீவிங், ஃபினிஷ், ஹாப்பிங் சேர்த்து ஆறு நாள். ஹீட் ட்ரீட்மென்ட் ஐந்து முதல் எட்டு நாள். உலை ஓடுவது இரண்டு மூன்று நாள்தான், மீதி காத்திருப்பு. உங்கள் ஆழத்துக்கும் உங்கள் எஃகுக்கும் பொருந்தும் வேறு வேலை சேர்ந்து கூடை நிறையும்வரை வைத்திருப்பார்கள். அவசரம் என்றால் முழு பேட்ச் கட்டணத்தைக் கொடுத்துத் தனியாக ஓடச் சொல்லலாம், சில ஆர்டருக்கு அது லாபம்தான். ஆனால் 20 எம்.என்.சி.ஆர் 5 கூடையோடு சேர்த்துப் போட்டுவிடுகிறேன் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கிரைண்டிங், சோதனை நான்கு நாள். ஞாயிறும் மின்தடையும் சேர்த்தால் நான்கு வாரம். நான் ஐந்து வாரம் கேட்கிறேன். தீபாவளிக்கு முந்திய மாதம் என்றால் ஆறு.

அனுப்பும் பெட்டியில் மில் சான்றிதழ், ஆய்வக ரிப்போர்ட், ஹீட் ட்ரீட்மென்ட் ரிப்போர்ட், காந்தத்தூள் ரிப்போர்ட் நான்கின் நகலையும் வைத்து, ஒவ்வொரு பினியன் முகத்திலும் ஹீட் நம்பரும் வரிசை எண்ணும் எழுதிவிடுங்கள். மிச்சமான கட்டைகளையும் ராடு முனையையும் எண்ணெய் தடவி, ஆர்டர் எண் எழுதிய பையில் போட்டுப் பட்டறையிலேயே வையுங்கள்.